பின்கட்டுக் காளானும் ஓனர் வீட்டு மூக்கும்

விருத்தாசலத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதலில் வருகிற கேள்வி பேர் என்ன என்பதில்லை. "நீங்க என்னா சாப்புடுவீங்க?" என்பதுதான். கேட்கிறவருக்கு நம் வயிற்றைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது. நாம் எந்தத் தெரு, யார் வீட்டு ஆள் என்று நேராகக் கேட்க வாய் கூசுகிறவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற கேள்வி அது. "எல்லாம் சாப்புடுவோங்க" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டுக்கு அடுத்த வாரமே யாரோ சொந்தக்காரர் குடிவரப் போவது அவர்களுக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிடும். இப்படி மூன்று வீடுகளில் ஞாபகம் வந்த பிறகு நாலாவது வீட்டில் நான், "சைவந்தாங்க" என்று சொன்னேன். பொய்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. கேள்வியே யோக்கியமாக இல்லை, பதில் மட்டும் எதற்கு யோக்கியமாக இருக்க வேண்டும்?

வீடு நல்ல வீடு. முன்கட்டில் ஓனர், ஓனரம்மா, கல்யாணத்துக்கு நிற்கிற அவர்கள் மகள். பின்கட்டில் தனி வழியோடு நானும் என் வீட்டுக்காரரும். எங்கள் மகளைப் பெண்ணாடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டோம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, அதை ஒட்டி விறகு அடுக்குவதற்கென்று எப்போதோ கட்டிய ஒரு இருட்டறை. அதில் மேலே கையகலத்துக்குக் காற்றோட்டத் துவாரம் இருந்தது, ஜன்னல் கிடையாது. பீங்கான் தொழிற்பேட்டைக்கு நான் நடந்தே வேலைக்குப் போய்விடலாம். ஆஸ்பத்திரியும் பக்கம்.

சாவி கொடுக்கும்போது ஓனர் சொன்னார்: "கறி, மீனு, முட்ட எதுவும் இந்தக் காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாது. மத்தபடி உங்க வூடு மாதிரி இருந்துக்கலாம்."

இவர் மாதத்தில் இரண்டு தடவையாவது வேப்பூர் போய் ஹைவே ஓட்டலில் கறிச்சோறு சாப்பிடுகிறவர் என்பது குடிபோன பிறகு தெரிந்தது. ரகசியமெல்லாம் இல்லை. எந்த ஓட்டலில் ஈரல் நன்றாக இருக்கும், எதில் மூளை வறுவல் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு வந்து கொல்லைக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போவார். வயிற்றில் போட்டு எடுத்து வரலாம், பாத்திரத்தில் போட்டு எடுத்து வரக் கூடாது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியே சொல்ல முடியுமா? வீடு அவருடையது.

என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது அந்த வீட்டில் இருக்கும்போதுதான். அவர் கல் அரைக்கிற மில்லில் வேலை பார்த்தவர். பீங்கானுக்குப் போடுகிற வெள்ளைக்கல்லை மாவாக்குகிற மில். வேலை முடிந்து வரும்போது புருவம் முதல் கால் நகம் வரை வெள்ளையாக இருப்பார். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துண்டு, அதுவும் வீட்டுத் துண்டு. அந்தத் தூசி நெஞ்சைத் தின்னும் என்று அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கு நன்றாகவே தெரியும். இருமல் நிற்காமல் போனபோது முதலாளி, "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுப்பா" என்றார். கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிடவில்லை. அதற்கப்புறமும் கூப்பிடவில்லை. அத்தனை வருஷம் உழைத்த ஆளை வந்து எட்டிப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இல்லை.

ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துவிட்டு டிபி என்றார்கள். கல்தூசி அரித்த நெஞ்சில் அது சுலபமாக உட்கார்ந்துவிடுமாம். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும், முதல் சில வாரம் கடந்துவிட்டால் யாருக்கும் பரவாது என்று டாக்டர் தைரியம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாத்திரை பாதிதாம்மா. மீதிப் பாதி சாப்பாடு. தினம் முட்டை குடுங்க. முடிஞ்சா ஈரல், மீன். ஆளு இப்படி எலும்பா இருந்தா மாத்திரை வேலை செய்யாது" என்றார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் வராண்டாவிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தா, ஓனருக்கு மட்டும் தெரிய வேணாம். டிபின்னு கேட்டாலே அன்னிக்கே காலி பண்ண சொல்லிடுவாரு. இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு எங்க போய் வூடு தேடறது?" என்றார்.

அன்றிலிருந்து ஒரே வீட்டுக்குள் இரண்டு பொய். நாங்கள் சைவம் என்பது ஒன்று, அவருக்குச் சாதாரண சளி என்பது இன்னொன்று. ஒரு பொய்யைக் காப்பாற்ற வேண்டுமானால் முட்டை வரக் கூடாது. முட்டை வராவிட்டால் என் புருஷன் தேற மாட்டார். ராத்திரி பகல் இதுவே என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

முதலில் முட்டையைக் கடத்தினேன். நான் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் ஃபினிஷிங் வேலை பார்க்கிறவள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் நிற்கிற பிசிறைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற அக்கா தன் வீட்டில் முட்டையை அவித்து எடுத்து வந்து கொடுப்பார். நான் அதைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். இவர் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். உரித்த முட்டை ஓட்டை மறுபடி பையில் போட்டு மறுநாள் தொழிற்பேட்டைக் குப்பையில் கொட்டுவேன். திருட்டு நகை வைத்திருக்கிறவள்கூட அப்படிப் பயந்து பயந்து நடந்திருக்க மாட்டாள். நோயாளிக்கு ஒரு முட்டை கொடுக்க இந்தப் பாடு.

ஒருநாள் காலை ஓனரம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டார். துடைப்பக் குச்சி நுனியில் ஒரு முட்டை ஓட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது என்னாம்மா?"

பழுப்பு ஓடு. நாட்டுக்கோழி முட்டை. நான் கொண்டு வருவது கடை முட்டை, சுண்ணாம்பு வெள்ளை. அது எங்கள் முட்டை இல்லை என்று எனக்குச் சத்தியமாகத் தெரியும். ஆனால் "எங்க முட்ட வெள்ளையா இருக்கும்மா" என்று சொல்ல முடியுமா? தவளை தன் வாயால் கெட்ட கதையாகிவிடும்.

"காக்கா போட்டிருக்கும்மா" என்றேன்.

"இத்தினி வருசமா காக்காவுக்கு எங்க கொல்ல தெரியல. நீங்க வந்தப்புறந்தான் தெரிஞ்சிதா?"

செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவதைவிடக் கொடுமை, செய்யாத தப்பைச் செய்யவில்லை என்று சொல்ல முடியாமல் நிற்பது. அன்றைக்கு வேலைக்குப் போய் இரண்டு பொம்மைக்கு மூக்கையே சீவிவிட்டேன். அவ்வளவு ஆத்திரம்.

அதோடு என் வீட்டுக்காரர் முட்டையை நிறுத்திவிட்டார். "வேணாம். ஒரு முட்டைக்காக வூடு போயிடும்" என்றார். அந்த மாத்திரைகளோ வாயைக் கசப்பாக்கி, பசியையும் அடித்துவிட்டன. ரசஞ்சோறு இரண்டு வாய், மோர்ச்சோறு ஒரு வாய், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற அன்றைக்கு முள் நகரவே நகராது. அங்கே இருந்த நர்ஸம்மாவிடம்தான் கடைசியில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"முட்டைக்கு நேர் ஈடுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே வுடவும் கூடாது. பருப்பு, வேர்க்கடல, கொண்டக்கடல எல்லாம் நெறைய குடுங்க. காளான் குடுங்க. கறி மாதிரி சமைச்சா வாய்க்குப் புடிக்கும், சோறு உள்ள போவும். வூட்லியே வளக்கறதுக்கு விவசாய ஆபீஸ்ல ஒருநாளு பயிற்சி தராங்க, போய்ப் பாருங்க" என்றார்.

கடைக் காளான் எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் பாக்கெட்டுக்குள்ளேயே வியர்த்துக் கறுத்துப் போயிருக்கும். தினம் வாங்கவும் முடியாது. ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனேன். சிப்பிக் காளான். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஊற வைத்து, கொதிக்கிற தண்ணீரில் வேக வைத்து, வடித்து ஆற வைக்க வேண்டும். கையால் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை நனைய வேண்டும். அந்தப் பதத்தில் நீளப் பிளாஸ்டிக் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் விதை என்று மாற்றி மாற்றி அடைத்து, வாயைக் கட்டி, அங்கங்கே ஓட்டை போட்டு இருட்டில் தொங்கவிட வேண்டும். விதை என்பது வேறொன்றுமில்லை, வெள்ளை நூல் படர்ந்த சோளம்தான். அந்த நூல் வைக்கோல் முழுவதும் ஓடிப் பை வெளுத்த பிறகு ஈரமும் கொஞ்சம் வெளிச்சமும் காற்றும் காட்டினால் மொட்டு விடும்.

பயிற்சி கொடுத்தவர் இன்னொன்றும் சொன்னார். குடையின் ஓரம் மேலே சுருண்டு விரிவதற்கு முன்னால் பறித்துவிட வேண்டுமாம். விட்டால் கண்ணுக்குத் தெரியாத தூள் பறக்கும், நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. அதனால் விறகு அறைக்குள் இவர் காலெடுத்து வைக்கக் கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்டுவிட்டேன். நானே வாயைக் கட்டிக்கொண்டுதான் போவேன். ஒரு தூசியிலிருந்து காப்பாற்ற வந்தவள் இன்னொரு தூசியில் கொண்டுபோய் விடுவேனா?

முதல் தடவை பாழாய்ப் போனது. அதுவும் எப்படி? பீங்கான் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தியால். எங்கள் தொழிலில் ஈரம்தான் எதிரி. பொம்மைக்குள் துளி ஈரம் மிச்சமிருந்தாலும் சூளையில் டமாலென்று வெடித்துப் பக்கத்தில் இருக்கிற நல்ல பொம்மைகளையும் கெடுத்துவிடும். சூப்பர்வைசரின் வாயிலிருந்து வராத வார்த்தை வரும். "காஞ்சிதா, நல்லா காஞ்சிதா?" என்று கேட்டுக் கேட்டே பழகிய கை எங்களுடையது. வேக வைத்த வைக்கோலைக் கொல்லையில் துணி விரித்துப் பரப்பினேன். பதம் வந்துவிட்டது போலத்தான் தோன்றியது. ஆனால் உள்ளங்கை நனைந்ததும் என் மனசு கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் காயட்டும் என்றேன். இவரும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "ஈரம் இருக்குதே" என்று கிளறிவிட்டார். இரண்டு பீங்கான்காரர்களும் சேர்ந்து வைக்கோலை மாடு தின்கிற பதத்துக்கு உலர்த்திப் பையில் அடைத்தோம். விதை போட்டது போட்டபடியே கிடந்தது. நூல் ஓடவே இல்லை. வாரங்கள் போனதுதான் மிச்சம்.

பயிற்சி கொடுத்தவருக்கு போன் செய்தேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, பொம்மையா சுடப் போறீங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரங்களில் இவர் இன்னும் இளைத்திருந்தார். என் மேலேயே எனக்கு அப்படியொரு கோபம். பைகளைக் கிழித்து வைக்கோலைக் கொல்லையில் கொட்டி மிதித்தேன்.

இரண்டாவது தடவைக்கு வைக்கோல் வேண்டும். கம்பெனியில் பொம்மையை லாரிக்குக் கட்டுவதற்குக் குவித்து வைத்திருக்கிற வைக்கோல் சும்மாவே கிடைக்கும். ஆனால் அதில் மாவும் வர்ணமும் படிந்திருக்கும். என் புருஷன் நெஞ்சில் ஏற்கெனவே இருப்பது போதாதா? நல்லூரில் நெல் அறுத்த ஒரு வீட்டில் கேட்டு, ஒரு கட்டு வைக்கோலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "மாட்ட எங்கம்மா வுட்டுட்டு வந்த?" என்று கேட்டார். "வண்டி ஓட்டுதுங்க" என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

இந்தத் தடவை உள்ளங்கை நனைகிற பதத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடைத்தேன். அறையில் ஈரம் நிற்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் கம்பெனிக்குப் பின்னால் ஓரம் மழுங்கிய பிளாஸ்டர் அச்சுகளை மலை மாதிரி கொட்டியிருப்பார்கள். பொம்மை வார்க்க அவை ஆகாது, ஆனால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிற குணம் போகாது. கேட்டு வாங்கி வந்து கழுவி, தொட்டியில் ஊறப் போட்டு, அறையில் சுவரோரமாக அடுக்கினேன். வெயில் அடிக்கிற நாளில்கூட அறை ஆற்றங்கரை மாதிரி குளுகுளுவென்று இருந்தது. பைகள் மெல்ல மெல்ல வெளுத்தன. அப்புறம் ஒருநாள் விடிகாலையில் கதவைத் திறந்தால் ஓட்டை ஒவ்வொன்றிலும் குண்டூசித் தலை அளவு மொட்டு. தண்ணீர் தெளித்துவிட்டு வேலைக்குப் போனேன். அடுத்த சில நாளில் கொத்துக் கொத்தாகக் குடை விரித்து நின்றன. அந்த அறையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

சோம்பு, மிளகு, இஞ்சி பூண்டு, சின்ன வெங்காயம், தேங்காய் எல்லாம் வறுத்து அரைத்து, கறிக்குழம்புக்கு வைக்கிற மாதிரியே வைத்தேன். சட்டி கொதிக்கும்போதே அவர் எழுந்து வந்து சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டார். தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார். எத்தனையோ மாதம் கழித்து அந்த வார்த்தை. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

பருப்பும் கடலையும் ஒரு பக்கம், வாரத்தில் சில நாள் இந்தக் குழம்பு ஒரு பக்கம். எடை பார்க்கிற முள் நகர ஆரம்பித்தது. நர்ஸம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

சும்மா இருக்குமா ஓனர் வீட்டு மூக்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் பின்கட்டுக்கு வந்துவிட்டார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓனர் நேராக என் சமையல்கட்டுக்குள் வந்தார். "என்னாம்மா கறி வாசன தூக்குது?" என்று கேட்டவர் நான் பதில் சொல்லும் வரை நிற்கவில்லை. தானே சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

அடுத்தவள் அடுப்பில் இருக்கிற சட்டியின் மூடியைத் தூக்குவதற்கு வாடகை ஒப்பந்தத்தில் எங்கே எழுதியிருக்கிறது? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கரண்டி என் கையில்தான் இருந்தது. பின்னால் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டு கண்ணால் கெஞ்சினார். கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, "காளானுங்க. வாங்க, காட்டறேன்" என்று விறகு அறையைத் திறந்து காட்டினேன். வெள்ளை வெளேரென்று தொங்குகிற பைகளை இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. ஓனர் திரும்பி வந்து, கரண்டியை என் கையிலிருந்தே வாங்கி, குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார்.

"அட! வேப்பூர் கறிக்கொழம்பு தோத்துது போ!" என்றார்.

அன்றைக்கு ஒரு கொத்து முன்கட்டுக்குப் போனது. அடுத்த அறுப்பில் இன்னொன்று. புரட்டாசி பிறந்ததும் கேட்கவே வேண்டாம். அந்த மாதம் ஓனர் வேப்பூர் போக மாட்டார், நாக்கு மட்டும் விரதம் இருக்குமா? அறைக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே ஓனரம்மா பாத்திரத்தோடு வந்து நிற்பார். "என்னாம்மா, இன்னிக்கு வந்துருக்குதா? எங்க வூட்ல எல்லாருக்கும் ரொம்ப புடிச்சிப் போச்சி." நல்ல கொத்தாகப் பார்த்துத் தானே கிள்ளி எடுத்துக்கொள்வார். முட்டை ஓட்டைத் துடைப்பக் குச்சியில் தூக்கிய அதே கை. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தலைக்கு மேலே இருப்பது அவர்கள் கூரை. இவருக்கு வைக்கிற குழம்பில் காளான் குறைந்து உருளைக்கிழங்கு ஏறியது.

"குடுத்துட்டுப் போ. வயிறு நெறஞ்சா வாய் தொறக்க மாட்டாங்க" என்பார் இவர்.

"உன் வயித்துல அடிச்சிதான் அவங்க வயிறு நெறையணுமா?" என்று கத்துவேன். மெதுவாகத்தான் கத்த வேண்டும். அந்த வீட்டில் கோபத்தையும் குசுகுசுவென்றுதான் காட்ட முடியும்.

மார்கழி முடிந்து தை பிறந்தது. ஓனர் மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு வெறும் ரசம் வைத்திருப்பேன். நான் பாட்டுக்குக் குழம்பு வைத்தேன். சாயங்காலம் ஓனர் எங்கள் வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வரவில்லை.

"இந்தா பாரும்மா, ஒரு மாசம் டயம் தரேன். வேற வூடு பாத்துக்குங்க."

"ஏன் சார், என்னா ஆச்சி?"

"வந்தவங்க மூக்க உறிஞ்சிக்கிட்டே, பின்னாடி யாரக் குடி வச்சிருக்கீங்கன்னு கேட்டுட்டாங்க. எம் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெக்கறது?"

"காளான்னு சொல்றதுதானே சார்? நீங்களுந்தான சாப்புடறீங்க?"

"காளான்னு எனக்குத் தெரியும்மா. உங்க மேல ஒரு தப்பும் சொல்லல." அவர் குரலில் கோபம்கூட இல்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "நாங்க சமைச்சா காளான்னு நெனைப்பாங்க. நீங்க சமைச்சா கறின்னுதான் நெனைப்பாங்க. ஒலகம் அப்படி இருக்குது. நான் என்னா பண்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வைக்கோலை வேக வைத்து, அச்சைத் தூக்கிச் சுமந்து, வாயைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் கேலி கேட்டு நான் வளர்த்ததெல்லாம் இந்த ஆளுக்கு நான் யார் என்பதை மாற்றவே போவதில்லை. நான் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அதில் கறி வாசம்தான் வரும். என் சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர் மூடியைத் தூக்கியே இருக்க வேண்டாம். "நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் படாரென்று அவர் முகத்துக்கு நேரே சாத்தினேன். அந்த வீட்டில் நான் கதவைச் சத்தமாகச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வேறு வீடு கிடைத்தது. சின்ன வீடு, ஆஸ்பத்திரி தூரம், வேலைக்கும் தூரம். வீட்டுக்குச் சொந்தக்காரம்மா மீன் ஆய்ந்துகொண்டே எங்களோடு பேசினார். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை. மோட்டார் காலையில் ஒரு தடவைதான் போடுவேன் என்று மட்டும் கறாராகச் சொன்னார். அதற்குள் இவருக்கு மாத்திரை முடிந்திருந்தது. சளியில் ஒன்றுமில்லை, குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கன்னம் உப்பி, சட்டை தோளில் நிற்கிற ஆளாகியிருந்தார். கல்தூசியால் வந்த மூச்சிரைப்பு மட்டும் இருந்தது. அது இருக்கும் என்றும் சொன்னார்கள்.

காலி பண்ணுகிற அன்று குட்டியானை வண்டி வந்து நின்றது. பீரோ, கட்டில், பாத்திர மூட்டை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பைகளைக் கடைசியில் ஏற்றலாம் என்று விட்டிருந்தேன். அப்போதுதான் மொட்டு விட்டிருந்தன. நசுங்கக் கூடாது என்று வண்டியில் இடம் ஒதுக்கிவிட்டுத் திரும்பி வந்தால், விறகு அறைக்குள் ஓனரம்மா நிற்கிறார். ஒரு பையைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மொட்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, போற வூட்ல நீங்க எது வேணும்னாலும் ஆக்கித் திங்கலாம். உங்களுக்கு எதுக்கு இது? இங்கியே தொங்கட்டும். நான் வேளா வேளைக்குத் தண்ணி தெளிச்சிப் பாத்துக்கறேன்" என்றார்.

அத்தனை மாதம் மென்று முழுங்கிய எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. நான் போட்ட சட்டத்தை மதித்து அறைக்கு வெளியிலேயே நின்றிருந்தார். அந்த வீட்டில் ஒருநாளும் அவர் குரல் உயர்ந்ததில்லை. அப்போதும் உயரவில்லை.

"அதுல கை வெக்காதீங்கம்மா. எனக்கு டிபி இருந்துச்சி. ஆறு மாசம் உங்க வூட்ல இருந்துதான் மாத்திர சாப்புட்டேன். தெனம் முட்ட சாப்புட சொன்னாரு டாக்டரு. நீங்க கூடாதுன்னீங்க. அதனாலதான் இவ இத வளத்தா. இம்மா நாளா உங்களுக்குக் குடுத்ததெல்லாம் என் தட்டுலேர்ந்து எடுத்தது."

ஓனரம்மா பையை விட்டார். பை கயிற்றில் ஆடியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. நான்தான், "பயப்படாதீங்கம்மா, எப்பவோ சரியாயிடுச்சி. யாருக்கும் ஒட்டாது" என்றேன். அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லியிருந்தா," என்று கேட்டார் இவர், "முட்டய உள்ள வுட்டிருப்பீங்களா, எங்கள வெளிய அனுப்பியிருப்பீங்களா?"

பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து வண்டியில் ஏற்றினேன். நான் அறைக்கும் வண்டிக்குமாக நடந்து முடிக்கிற வரைக்கும் ஓனரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.